படித்த கல்லூரிக்கு என்ன செய்யலாம்? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

கல்லூரி திறந்து அட்மிஷன் பரபரப்பு அடங்கும் நேரத்தில்தான் பழைய மாணவர்களுக்குப் பாசம் பொங்கும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ரகம். ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் என்று வடசென்னையிலிருந்தே நிறைய வந்திருப்பதால் அவற்றை ஒன்றாகத் தொகுத்துவிட்டோம்.

எங்கள் பி.காம். செட் 1999இல் முடித்தது. வெள்ளி விழா சந்திப்புக்கு வசூலித்ததில் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் மிச்சம். நண்பர் ஒருவரின் ஜிபே கணக்கில் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு பீஸ் கட்டலாம் என்கிறோம். இதற்குச் சங்கம் பதிவு செய்தே ஆகவேண்டுமா?
வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

முதலில் அந்தப் பணத்தை நண்பரின் கணக்கிலிருந்து இறக்குங்கள். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவருடைய பான் எண்ணில் கிடக்கும்வரை அது அவர் பணம். நாளைக்கு வருமான வரித் துறை கேட்டாலும் சரி, அவருக்கு ஏதாவது நேர்ந்து வாரிசுகள் கணக்கை முடித்தாலும் சரி, ‘இது செட் பணம்’ என்று காட்ட உங்களிடம் வாட்ஸ்அப் மெசேஜைத் தவிர ஒன்றும் இருக்காது. பழைய மாணவர் குழுக்கள் உடைவதற்கு அரசியலைவிட இதுதான் பெரிய காரணம்.

இந்த ஒரு தொகையோடு கதை முடிந்தது என்றால் பதிவு வேண்டாம். கல்லூரியில் ஏற்கெனவே பதிவான முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். கல்லூரிகளின் தரத்தை எடைபோடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் பதிவு பெற்ற முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறதா, என்ன செய்தது என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. ஆகையால் கல்லூரி முதல்வர்களும் இதில் அக்கறையாகத்தான் இருப்பார்கள். அந்தச் சங்கத்தின் பெயருக்கு செக் கொடுத்து, எந்தத் துறை, எத்தனை பேர், எந்தக் கட்டணம் என்று ஒரு கடிதமும் இணைத்து, ரசீது வாங்கிவிடுங்கள். கடிதம் இல்லாத பணம் பொதுச் செலவில் கரைந்துவிடும். அதில் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது.

வருடா வருடம் வசூலிக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி உறுப்பினர்கள் 20 பேருக்குக் குறையாமல் இருந்தாலோ, ஆண்டு வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். தொடங்க 7 பேர் கையெழுத்துப் போதும். நோக்க அறிக்கை, துணைவிதிகள், அலுவலக முகவரிக்கான சான்று ஆகியவற்றோடு வடசென்னை மாவட்டப் பதிவாளரிடம் போகவேண்டும். பெயரை மட்டும் முன்கூட்டியே இரண்டு மூன்றாக யோசித்து வையுங்கள். பதிவில் உள்ள இன்னொரு சங்கத்தின் பெயரை ஒத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பதிவு செய்வது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்யவேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்கவேண்டும். முதல் வருடம் உற்சாகமாகச் செய்வார்கள். மூன்றாம் வருடம் செயலாளர் துபாய்க்குப் போய்விடுவார். புதுச் செயலாளர் வங்கிக்குப் போனால், ‘பதிவாளர் முத்திரை போட்ட புதிய நிர்வாகிகள் பட்டியல் எங்கே?’ என்பார்கள். தாக்கல் செய்யாத வருடங்களுக்கான பாக்கியை அபராதத்தோடு கட்டிய பிறகுதான் சொந்தப் பணத்தைத் தொட முடியும். துணைவிதி எழுதும்போதே வங்கிக் கணக்கை மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்தில் இயக்கலாம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அந்த மூவரில் இருவராவது சென்னையிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள்.

நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் 80ஜி வரிச்சலுகை பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். (புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் மாறிவிட்டது. பழைய பெயரைச் சொன்னாலே ஆடிட்டருக்குப் புரியும்.) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அதனால் பயன். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. உங்கள் செட்டில் பாதிப் பேர் புதிய வரி முறைக்கு மாறியிருப்பார்கள். எத்தனை பேருக்குத் தேவை என்று கேட்டுவிட்டு அலைச்சலில் இறங்குங்கள்.

நாங்கள் தங்கிப் படித்த விடுதியில் இப்போது 120 பிள்ளைகள். குடிதண்ணீர் சரியில்லையாம். ஆர்.ஓ. மெஷின் ஒன்று வாங்கிக் கொடுக்கப் போகிறோம். எவ்வளவு பெரியது வாங்குவது?
வாசகர், வியாசர்பாடி

கடைக்குப் போவதற்கு முன் சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளப்பது) வாங்கி, விடுதிக்குப் போய் மூன்று இடத்தில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள்: மெட்ரோ வாட்டர் குழாய், போர்வெல், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் ஆர்.ஓ.வே தேவையில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி அது ஏற்கத்தக்க அளவு. அங்கே கோளாறு பெரும்பாலும் உப்பில் இருக்காது, கழுவாத தொட்டியில் இருக்கும். தொட்டியைச் சுத்தம் செய்து, மூடி போட்டு, கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதாக் கதிர்) வடிகட்டி ஒன்று மாட்டினால் போதும். செலவும் பாதிகூட ஆகாது. வடசென்னையில் கடலோரப் பகுதி போர்வெல் என்றால் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டி ஓடும். அங்கே ஆர்.ஓ. தவிர வழியில்லை.

இனி அளவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 120 பேருக்கு 480 லிட்டர். மணிக்கு 50 லிட்டர் தரும் மெஷின் 10 மணி நேரம் ஓடினால் 500 லிட்டர் வரும். கணக்கு சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் எல்லோரும் குடம் நீட்டுவது காலை 7 முதல் 9 வரை, அப்புறம் இரவுச் சாப்பாட்டு நேரம். மெஷினோடு குறைந்தது 200 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேமிப்புத் தொட்டி இல்லாவிட்டால் வரிசையில் சண்டைதான். இந்த ரக மெஷின்கள் உள்ளே போகும் தண்ணீரில் பாதியைத்தான் குடிதண்ணீராகத் தரும், சிலவற்றில் அதற்கும் குறைவு. ஆக தினம் 1,000 லிட்டருக்கு மேல் உள்ளே வரவேண்டும். வெளியேறும் உப்புத் தண்ணீருக்குத் தனிக் குழாய் போட்டுக் கழிப்பறைத் தொட்டியில் விடுங்கள். இதை யோசிக்காமல் வாசலில் விட்டால் ஒரே மாதத்தில் அங்கே பாசி படிந்து, வழுக்கி விழுந்தவர் புகார் கொடுத்து, மெஷினை நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் பகுதி மழைக்காலம் உங்களுக்கே தெரியும். தரைத்தளத்தில் வைப்பதென்றால் மூன்றடி உயர இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். மோட்டாரும் ப்ளக் பாயின்ட்டும் அதற்கும் மேலே இருக்கட்டும்.

நன்கொடை மெஷின்கள் சாவது பெரும்பாலும் பராமரிப்பில்தான். முன்வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். அதைப் பிடித்துவைக்கும் கார்பன் ஃபில்டர் தேய்ந்துவிட்டால் குளோரின் நேரே மெம்பரேனை (உப்பை வடிக்கும் சவ்வு) அரித்துவிடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வருடம் வரும் மெம்பரேன் ஆறே மாதத்தில் போய்விடும். எனவே பட்ஜெட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். கையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மெஷின், மீதி மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு. அந்த ஒப்பந்தம் உங்கள் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், மெக்கானிக்கின் எண் மெஷின் மேலேயே ஒட்டியிருக்கட்டும்.

அரசு விடுதி என்றால் இன்னும் ஒன்று. பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கடிதமும், இருப்புப் பதிவேட்டில் பக்க எண்ணும் வாங்காமல் மெஷினை இறக்காதீர்கள். பதிவேட்டில் ஏறாத பொருளுக்கு யாரும் பொறுப்பில்லை. ரிப்பேர் செலவை எழுதவும் முடியாது, விடுதிக் காப்பாளர் மாறினால் அது யாருடையது என்று சொல்லவும் ஆளிருக்காது. சுவரில் துளை போடவும் தனி மின் இணைப்பு இழுக்கவும் பொதுப்பணித் துறையின் அனுமதி தேவைப்படும். அதை முன்னாலேயே கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் ஒரே ரூட்டில் கல்லூரிக்குப் போய்வந்த பழைய பசங்க. வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. இப்போது அந்த ரூட்டில் படிக்கும் தம்பிகள் பஸ் டே கொண்டாட 15,000 கேட்கிறார்கள். ‘அண்ணாங்க நீங்கதானே எங்களுக்கு முன்னோடி’ என்கிறார்கள். கொடுக்காவிட்டால் மரியாதையாக இருக்காதே?
வாசகர், திருவொற்றியூர்

கொடுக்காதீர்கள். பஸ்ஸை மறித்துக் கூரையேறிக் கொண்டாடும் பஸ் டேக்கு உயர் நீதிமன்றத் தடை இருக்கிறது. அந்தப் பணத்தில் வாங்கும் மாலையும் பட்டாசும் யாருடைய ஜிபேயிலிருந்து வந்தது என்று போலீஸ் தேடினால், முதலில் கிடைப்பது உங்கள் எண்தான். ரயில் ரூட் என்றால் கூரையிலோ படியிலோ தொங்கிப் போவதற்கு ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை உண்டு. தம்பிகளுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ‘ரூட்டு தல’ (ரூட் மாணவர்களின் தலைவன்) என்ற பட்டத்துக்காகத் தெரிந்தேதான் இறங்குகிறார்கள். அந்தப் பட்டத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் காலத்து ஆட்கள். இந்த விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு கல்லூரி முதல்வர் பேச்சைவிட எடை கூடுதல் என்பதற்கும் அதுதான் காரணம்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளிடம் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கிறதா? யு.ஜி.சி.யின் 2009 விதிகளின்படி ஜூனியரிடம் மிரட்டிப் பணம் பறிப்பதும், செலவைக் கட்டாயமாக அவர் தலையில் கட்டுவதும் ராகிங். தமிழ்நாட்டின் 1997 ராகிங் தடைச் சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஜூனியர் பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்கினால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை அவர்கள் கையில் கொடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

ஒன்றும் கொடுக்காமல் ஒதுங்கினால் அடுத்த முறை உங்களிடம் வரமாட்டார்கள். வேறு யாரிடமாவது போவார்கள். அதே 15,000 ரூபாயை அந்த ரூட்டில் அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணமாகக் கட்டுங்கள். பணத்தைக் கையில் கொடுக்கவேண்டாம். பதிவு எண்களை வாங்கி, கல்லூரி அலுவலகத்திலோ ஆன்லைனிலோ நீங்களே கட்டி, ரசீதை அனுப்புங்கள். மூன்றாம் வருடத்தில் ஐந்து அரியரோடு நிற்கிறவன்தான் பெரும்பாலும் ரூட்டில் முன்னால் நிற்பவன். படிப்பு முடியாது என்று அவனே முடிவுகட்டியிருப்பான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச, அதே படியில் தொங்கிப் போன உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அமெரிக்காவில் படித்த என் தங்கை மகள் அங்கே ‘சொராரிட்டி’ என்ற சங்கத்தில் உறுப்பினராக இருந்தாள். இப்போது அங்கேயே வேலை. பழைய உறுப்பினர் என்பதால் மாதம் 25 டாலர் கொடு, ஆலோசகராகவும் இரு என்று கேட்கிறார்களாம். இதென்ன, சீட்டுக் கம்பெனியா?
வாசகி, பெரம்பூர்

இல்லை அம்மா, பயப்படவேண்டாம். அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்த மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்களுடையது ஃப்ரடெர்னிட்டி, பெண்களுடையது சொராரிட்டி. முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கும் கிளையைச் ‘சாப்டர்’ என்பார்கள். உறுப்பினர்கள் பலர் ஒரே வீட்டில் தங்குவார்கள். அந்த வீடு பல இடங்களில் பழைய உறுப்பினர்கள் நடத்தும் தனி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். வாடகை வசூல், காப்பீடு, கூரை ரிப்பேர், தீயணைப்புக் கருவி எல்லாம் அதன் பொறுப்பு. நம்மூர் சமுதாய விடுதிகளை நடத்தும் அறக்கட்டளைகளைப் போலத்தான்.

25 டாலர் விஷயத்தில் உங்கள் தங்கை மகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நேரே சங்கத்துக்கோ சாப்டருக்கோ கொடுத்தால் அமெரிக்க வரியில் கழிவு கிடைக்காது. அவை 501(சி)(7) என்ற கேளிக்கைச் சங்க வகையில் வரும். பல சங்கங்களுக்குக் கல்வி உதவிக்கென்று தனி அறக்கட்டளை உண்டு. அது 501(சி)(3) வகை. அதற்குக் கொடுத்தால் கழிவு கேட்கலாம். எதற்குக் கேட்கிறார்கள் என்பதைக் கடிதத்தின் அடியில் உள்ள சின்ன எழுத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆலோசகர் வேலை பணத்தைவிடப் பெரிய உதவி, பொறுப்பும் பெரிது. பட்ஜெட்டைப் பார்ப்பது, நிர்வாகிகள் கூட்டத்தில் உட்காருவது, புதிய பொருளாளருக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது என்று இருக்கும். முடிவெடுப்பது மாணவிகள்தான். 21 வயது ஆகாத பிள்ளைகள் வரும் விருந்துக்குத் தன் வீட்டையோ, மது வாங்கத் தன் கார்டையோ ஒருபோதும் தரக்கூடாது. வழக்கு வந்தால் முதலில் மாட்டுவது பெரியவர்தான். புதியவர்களைத் துன்புறுத்தும் ‘ஹேஸிங்’ விவரங்களைக் கல்லூரிகள் வெளியிட்டே ஆகவேண்டும் என்று 2024 டிசம்பரில் அங்கே கூட்டாட்சிச் சட்டமே வந்துவிட்டது. ‘எங்க காலத்துல இதெல்லாம் சகஜம்’ என்று சிரித்துவிட்டுப் போகும் பழைய உறுப்பினரால் சாப்டருக்கு நல்லது நடக்காது.

எங்களோடு படித்தவர் இப்போது அமெரிக்கக் குடிமகன். கல்லூரி நூலகத்துக்காக எங்கள் சங்கத்துக்கு 2,000 டாலர் அனுப்புகிறேன் என்கிறார். சொந்தப் பணம்தானே, வாங்கலாமா?
வாசகர், தண்டையார்பேட்டை

எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது. இதில் பார்ப்பது அவர் எங்கே பிறந்தார் என்பதையல்ல, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்பதை. துபாயில் இருக்கும் நண்பர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடிமகன், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. கார்டு வைத்திருந்து, பாரிமுனையில் உள்ள தன் வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். ‘என் கணக்குக்கு அனுப்பு, நான் சங்கத்துக்கு மாற்றிவிடுகிறேன்’ என்று யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள்.

பதிவு வாங்கலாமே என்றால், சங்கத்துக்கு மூன்று வயது ஆகியிருக்கவேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவழித்திருக்கவேண்டும். பிறகு டில்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் கணக்கு. சின்னச் சங்கத்துக்கு இது பொருந்தாது. அவரிடம் பணத்துக்குப் பதிலாக மாதம் இரண்டு ஞாயிறு மாலை கேளுங்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு வீடியோ அழைப்பில் மாதிரி நேர்காணல் நடத்தட்டும். பாதி நேரம் ஆங்கிலத்திலும் மீதி தமிழிலும் பேசட்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் தெரியும், வாய்தான் வராது.

பணம் கிடையாது. சனிக்கிழமைகள் இருக்கின்றன. நான் படித்த மகளிர் கல்லூரிக்கு என்ன செய்யலாம்?
வாசகி, மண்ணடி

இந்த மாதக் கடிதங்களிலேயே எங்களுக்குப் பிடித்தது உங்களுடையது. உதவித்தொகை உதவி மேசை ஒன்று போடுங்கள். ஆட்கள் இரண்டு பேர், ஒரு லேப்டாப், ஒரு மேசை, அட்மிஷன் முடிந்த பிறகு நான்கு சனிக்கிழமை. ஒரு பிள்ளைக்கு 20 நிமிடம் வைத்தால் காலை பத்திலிருந்து ஒன்றுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து 18 பேரைப் பார்த்துவிடலாம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசு பணம் ஒதுக்கியிருக்கும், பிள்ளைக்கு வந்திருக்காது. இடையில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

பெரும்பாலும் நிற்கும் இடம் வங்கி. ‘ஆதார் லிங்க் பண்ணிட்டேன் மேடம்’ என்பாள். வங்கிக்கு ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வந்து விழும் கணக்காக ஆதாரோடு இணைத்தது வேறு. ஆதார் தளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ என்பதைத் திறந்தால், எந்த வங்கி என்று காட்டும். பலருக்கு அது எட்டாம் வகுப்பில் பள்ளியில் திறந்து மறந்துபோன கணக்காக இருக்கும். பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது கணக்கு செயலற்றுப்போய்த் திரும்பியிருக்கும். இப்போது பயன்படுத்தும் வங்கிக்குப் போய் இணைப்பை மாற்றித் தரும்படி எழுதிக்கொடுத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு, ஆதாரை மாற்றுங்கள். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூன்றாவது வருமானச் சான்று. அது ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடத்தையே மறுபடி ஏற்றிவிட்டு, விண்ணப்பம் திரும்பியது ஏன் என்று தெரியாமல் இருப்பார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம், சான்று வரச் சில வாரம் பிடிக்கும். எனவே முதல் சனிக்கிழமையே இதைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய ஆதார் நகலையும் உங்கள் போனில் சேமிக்காதீர்கள். ஓ.டி.பி.யை அந்தப் பெண்ணே தன் கையால் தட்டட்டும், உங்களிடம் சொல்லக்கூட வேண்டாம்.

முதல் மதிப்பெண் பெறுபவருக்கு ஆண்டுதோறும் தங்கப் பதக்கம் தர ஒரு லட்சம் வைப்புநிதி போடுகிறோம். போதுமா?
வாசகர், காசிமேடு

ஆறரை சதவீத வட்டியில் வருடத்துக்கு 6,500 ரூபாய் வரும். தங்கம் கிராமே 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பதக்கம் என்று கல்வெட்டில் எழுதிவிட்டால் மூன்றாம் வருடமே முலாம் பூசியதைத்தான் கொடுக்கவேண்டியிருக்கும். ‘5,000 ரூபாய் பரிசு, மிச்ச வட்டி முதலோடு சேரும்’ என்று எழுதிக் கொடுங்கள். முதல் மதிப்பெண்ணுக்கு வேறு பரிசுகள் இருக்கும். இரண்டு அரியரை ஒரே முறையில் முடித்துக் காட்டியவருக்கு என்று வைத்தால் இன்னும் நல்லது.

உதவி வாங்கும் பிள்ளைகளோடு எடுத்த படத்தைக் குரூப்பில் போட்டால்தான் மற்றவர்களும் கொடுப்பார்கள் என்கிறார் எங்கள் தலைவர். சரிதானா?
வாசகர், கொருக்குப்பேட்டை

ரசீதின் படத்தைப் போடுங்கள். பிள்ளையின் பெயர் இருக்கும் இடத்தை மறைத்துவிட்டு.